அயலான் யார்?



நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் ‘நெய்பர்’ என்னும் சொல்லைப் படிக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் என்று நாமும் பொருள் சொல்லிவிடுகிறோம். அச்சொல்லின் பிறப்பை விசாரித்தால் அதிலே நமக்கும் ஒரு ஞானோபதேசம் உண்டு.

பழைய ஆங்கிலத்தில் அது இரு சொற்கள் கூடியது. முன்பகுதிக்கு ‘அருகில்’ என்று பொருள். பின்பகுதியாகிய ‘யெபூர்’ என்பதற்கு, குடியிருந்து பயிரிடுகிறவன் என்று பொருள்.

இந்த யெபூர் ஏழைக் குடியானவன். 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலப் பண்ணைக் குறிப்பு ஒன்று அவன் நிலையை விவரிக்கிறது. அவன் குடியேறும்போது 2 எருது, 1 பசு, 6 செம்மறியாடு, விதைத்த நிலம் 7 ஏக்கர் கொடுக்கப்படும். பதிலுக்குச் சில பண்ணைகளில் அவன் வாரத்துக்கு 2 நாளும், அறுவடைக் காலத்தில் 3 நாளும் பிரபுவுக்கு உழைக்கவேண்டும். அந்நாட்டுக் கனத்த ஏருக்கோ 8 எருதுகள் வரை பூட்டுவார்கள். இரண்டை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? பக்கத்துக் குடியானவர்களின் மாடுகளும் வந்து சேர்ந்தால்தான் அவன் நிலத்தில் ஏர் ஓடும்.

இதே சொல்லின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு வார்த்தையும் ஆங்கிலத்தில் உண்டு. ‘பூர்’ என்பது அது. முதலில் குடியானவனைக் குறித்த அவ்வார்த்தை, பிற்காலத்தில் நயமற்ற முரடன் என்று வசையாகிவிட்டது. பார்த்தீர்களா! ‘அருகில்’ என்று சேர்த்தால் அவன் அயலான். அதை நீக்கினால் முரடன். மாறியது அவனல்ல, அவனைப் பார்த்தவர்கள் நின்ற தூரமே.

நம் தமிழிலும் ‘அயலான்’ என்றால் பக்கத்து வீட்டானும் ஆகும், அந்நியனும் ஆகும்.

“சுவாமி, அருகில் இருப்பவனோடுதானே வரப்புச் சண்டையும் சுவர்ச் சண்டையும் வருகிறது?” என்பீர்கள். மெய்தான். அருகில் குடியிருப்பது வேறு, அருகில் செல்வது வேறு. அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 10-ம் அதிகாரத்தில், காயப்பட்டுக் கிடந்தவனைக் கண்டு குருவும் லேவியனும் விலகிப் போனார்கள். அந்நியனான சமாரியனே அவனருகில் போனான். குருவாகிய நான் அதை வாசிக்கும்போதெல்லாம் என் மனச்சாட்சி கூசுகிறது.

பேச்சு நின்றுபோன அடுத்த வீடு ஒன்று உங்களுக்கும் இருக்கலாம். யார்மேல் குற்றம் என்று விசாரியாதேயுங்கள்; எந்த வேதத்தார் என்றும் பாராதேயுங்கள். வருகிற ஞாயிறு பூசைக்கு முன் அந்த வாசலில் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு