நில்லுங்கள் டாக்டர்!

கட்டி கீற, மரு அகற்ற, நகம் எடுக்க வருகிறவர்கள் “சின்ன ஆபரேஷன்தானே” என்றுதான் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார்கள். உடனிருக்கும் செவிலியருக்கு அதில் சின்னது என்று ஒன்றில்லை. வலது காலா, இடது காலா என்பதை நோயாளியின் வாயாலேயே சொல்ல வைப்பார். மரத்துப்போகும் ஊசி முன்பு ஒத்துக்கொண்டதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று விசாரிப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். மயக்கம் தருமுன், கீறுமுன், நோயாளி அறையை விட்டுப் போகுமுன் என மூன்று நிறுத்தங்கள். கடைசி நிறுத்தத்தில் கருவி, காஸ் துணி, ஊசி எல்லாம் எண்ணிச் சரியாக இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் செவிலியர். அந்த ஒழுங்கு சிறு சிகிச்சை அறைக்கும் வேண்டியதுதான். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் அவர் “நில்லுங்கள் டாக்டர்” என்று சொல்லியாக வேண்டும். வெளியே வரிசை வாசல்வரை நீளும் நாளில் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! அறுக்கும் கையின் திறமைக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல என்பேன்.

சிஸ்டர் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். பையில் மாத்திரை அட்டை இருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள்.