பத்து மதிப்பெண்

பள்ளிபாளையத்தில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டிய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டுக்குத் திரும்பிய பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்து போவார். பயிற்சி முடிந்ததும் ஒரு தாளை எடுத்து அம்மாவிடம் கேட்பார்.

“தானா சாப்பிடறாருங்களா?”

“நான் இருக்கறப்ப அவரு எதுக்குங்க தானா சாப்பிடோணும்?”

ஊட்டிவிடுவதை அம்மா பெருமையாகத்தான் சொன்னாள். தாளில் அதற்குப் பூஜ்யம்.

அது பார்த்தெல் அட்டவணை. மருத்துவர் ஃப்ளாரன்ஸ் மஹோனியும் இயன்முறை மருத்துவர் டோரத்தியா பார்த்தெலும் 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் வெளியிட்டது. சாப்பிடுவதற்கு 10, குளிப்பதற்கு 5, நடப்பதற்கு 15 என்று பத்து வேலைகளுக்கு மொத்தம் 100. ஒருவரால் என்ன முடியும் என்பதல்ல, அன்றாடம் அவர் என்ன செய்கிறார் என்பதே அதன் கணக்கு.

அந்தக் கணக்கை நான் குறை சொல்லமாட்டேன். “பரவால்லைங்க” என்ற ஒரு சொல்லை வைத்து யாரும் சிகிச்சையைத் திட்டமிட முடியாது. சேலத்தில் பார்க்கும் மருத்துவரும் எங்கள் திண்ணைக்கு வருபவரும் ஒரே பொருளில் பேச ஓர் எண் வேண்டும். ஆனால் அந்த எண் யாருடையது? அப்பாவால் குத்தவைக்க முடியவில்லை என்று வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். அடுத்த முறை ஐந்து மதிப்பெண் கூடியது. அவர் கால் அப்படியேதான் இருந்தது. தேறியது வீடு.

சோற்று விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. இடது கையில் ஸ்பூன் பிடித்தால் அவரே சாப்பிடலாம். எந்தக் கை என்று தாள் கேட்பதில்லை. அப்பா கேட்டார்.

“பீச்சாங்கைல எப்படிப்பா சோத்தத் தொடறது?”

ஒருநாள் ராசிபுரத்தில் ஓர் இழவுக்கு அம்மா போக வேண்டியிருந்தது. நான் ஊட்ட வந்தேன். மனைவி கையால் உண்டவருக்கு மகன் கை கூச்சமாக இருந்திருக்க வேண்டும். “வெச்சிட்டுப் போ” என்றார். வாசலில் நின்றேன். ஸ்பூன் தட்டில் இடிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்த வாரம் இயன்முறை மருத்துவரிடம் “இடது கைல அவரே சாப்பிட்டாருங்க” என்று மகிழ்ச்சியாகச் சொன்னேன். பொய்யில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தனியாக விழுங்கிய அவமானத்தை நான் வெற்றியாக வாசித்துவிட்டேன்.

பிறர் கையை எதிர்பார்ப்பது குறை என்ற கருத்தின் மேல்தான் மதிப்பெண் கட்டப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஊட்டுவது பாசம். ஆனால் பாசம் என்று சொல்லி அவர் கையை நாங்கள் முடக்கி வைத்திருந்ததும் உண்மை. அம்மாவுக்கும் வயதாகிறது. நூறு வாங்கியவர்கூடத் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை, அவரால் சமைக்க முடியாமல் இருக்கலாம் என்று அட்டவணையை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையைத் தாள் மறக்கவில்லை. தாளைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்ட நான்தான் மறந்தேன்.

இப்போது அம்மா சோற்றைப் பிசைந்து முதல் வாயை ஊட்டுகிறாள். பிறகு ஸ்பூனை வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோலப் புழக்கடைக்குப் போய்விடுகிறாள். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

இதற்கு ஐந்தா, பத்தா என்று இயன்முறை மருத்துவர் கேட்டார். அப்பாவையே கேட்கச் சொன்னேன்.