கப்பலில் 276 பேர்

2014 அக்டோபர் 29, காலை ஏழரை மணி இருக்கும். ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் ஓடி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு கிடந்தது.

அந்த மலை முன்னறிவிப்பில்லாமல் சரியவில்லை. அங்கே குடியிருப்பது ஆபத்து, இடம் மாற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அதனால் அனர்த்தம் நடந்த கையோடு ஒரு கேள்வி கிளம்பியது. அவ்வளவு சொல்லியும் ஏன் கேட்கவில்லை?

ஆலோசனை பற்றிய பிரசங்கங்களும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் தொடங்குகின்றன. பிறர் சொல்லுக்குச் செவிகொடுப்பவனை ஞானி என்றும், தன் போக்கே சரி என்றிருப்பவனை மூடன் என்றும் நீதிமொழிகள் நூல் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் வேதாகமத்தில் தட்டிக்கழிக்கப்பட்ட ஆலோசனைகளின் கதைகளைப் பார்த்தால், கேட்காமல் போனவர் பெரும்பாலும் அதிகாரத்தில் இருந்தவர். ரெகொபெயாம் ராஜாவிடம் முதியோர் சொன்னது, வேலைப் பளுவால் நொந்திருந்த சனங்களின் சுமையைக் குறைக்கும்படிதான். அவன் கூட வளர்ந்த வாலிபர் பேச்சைக் கேட்டுச் சுமையைக் கூட்டினான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம் மீரியபெத்தவுக்கு இன்னும் நெருக்கமானது. ரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட பவுல், கிரேத்தா தீவில் கப்பல் நின்றபோது, இப்போது புறப்பட்டால் உயிருக்கே சேதம் என்றார். காவலுக்கு வந்த யூலியு என்னும் நூற்றுக்கு அதிபதி, மாலுமியையும் கப்பல் சொந்தக்காரரையும் நம்பினார். பெரும்பாலோர் யோசனையும் அதுவாகவே இருந்தது. கைதியின் பேச்சு எடுபடவில்லை. முடிவு ஒருவர் கையில் இருந்தது. கப்பலில் இருந்ததோ 276 பேர்.

புயலுக்கு நடுவில் நிலைமை மாறுகிறது. கப்பலாட்கள் படகில் தப்பப் பார்க்கிறார்கள், அவர்கள் போய்விட்டால் யாரும் பிழைக்க முடியாது என்கிறார் பவுல். இம்முறை யூலியுவின் வீரர்கள் மறுபேச்சில்லாமல் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். கப்பல் மெலித்தா தீவருகே உடைந்தது. 276 பேரும் கரையேறினார்கள்.

மீரியபெத்தவில் யூலியுவின் இடத்தில் இருந்தவர் யார்? லயத்துக் காம்பிரா தொழிலாளிக்குச் சொந்தமில்லை. அது தோட்டத்தின் உடைமை. தோட்டக் காணிகளின் உரிமை அரசிடம், நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளிடம். "எழுந்து போ" என்ற யோசனை காதில் விழுந்தாலும், போய் உட்கார ஒரு துண்டு நிலம் கொடுக்கும் அதிகாரம் லயத்தில் இருந்தவர்களிடம் இல்லை.

எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொன்ன யோசனை இங்கே நினைவுக்கு வருகிறது. காலை முதல் மாலைவரை தனியாக வழக்குத் தீர்க்கும் மோசேயைப் பார்த்து, இப்படியே போனால் நீ சோர்ந்துவிடுவாய் என்று சொன்னதோடு மாமனார் நிறுத்தவில்லை. ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு, ஐம்பதுக்கு, பத்துக்கு ஒருவர் என்று ஆள் வைக்கும் ஏற்பாட்டையும் சொல்லிக்கொடுத்தார். எத்திரோ மீதியான் தேசத்து ஆசாரியர், இஸ்ரவேலர் அல்லர். மோசே அதைப் பொருட்படுத்தவில்லை, சொன்னபடியே செய்தார்.

யாரைக் கேட்பது என்பதற்கும் ஒரு பதில் ஹப்புத்தளைப் பக்கத்திலேயே இருக்கிறது. தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டிய அடிஷாம் மாளிகை இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின் மூன்றாம் அதிகாரம், முக்கியமான காரியம் என்றால் மடாதிபதி எல்லாத் துறவிகளையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்கிறது. வயதில் இளையவருக்கும் ஆண்டவர் நல்லதைக் காட்டக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். முடிவெடுப்பவர் மடாதிபதிதான், ஆனால் எல்லோரையும் கேட்ட பிறகு.

மீரியபெத்தவில் தப்பியவர்கள் மாக்கல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நாள் கடத்தினார்கள். அங்கேயே அவர்களுக்குக் கட்டிய 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. இடம் மாறுங்கள் என்று முதலில் சொல்லி அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

இன்றும் 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை தாண்டினால் வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை வருகிறது. ஐப்பசி இரவில் அதைக் கேட்கும் லயத்தில் முதலில் எழுவது "எங்க போறது?" என்ற கேள்விதான்.