விருந்தாளியா மனைவி?

“போய்ப் பார்த்துவிட்டு வரலாமே! யார் கையைப் பிடித்துத் தடுத்தார்கள்?”

எல்லைக்கு அப்பால் கணவன், இப்பால் மனைவி என்று பிரிந்து கிடக்கும் குடும்பங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், சட்டத்தின் சார்பில் வாதாடுவோர் முதலில் வீசும் கேள்வி இது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. விமானம் பறக்கிறது, கடவுச்சீட்டு கையில் இருக்கிறது, மாமியார் வீட்டுக் கதவும் திறந்தே இருக்கிறது. பிறகென்ன குறை? அந்தக் குறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் ஆராய விரும்புகிறோம்.

அமெரிக்காவில் நடைபெற்ற வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். சாண்ட்ரா முன்யோஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வழக்கறிஞர், அமெரிக்கக் குடிமகள். எல் சல்வடார் நாட்டவர் ஒருவரை 2010ல் மணந்தார். கணவர் 2005ல் உரிய அனுமதியின்றி அமெரிக்காவுக்குள் வந்தவர். ஒளிந்து வாழ்ந்தது போதும், முறைப்படி உரிமை பெறுவோம் என்று முனைந்தது அந்தக் குடும்பம். முறை என்ன சொல்லிற்று? வெளியேறு, உன் நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா கேள் என்றது. 2015ல் சென்றார், கேட்டார். மறுத்துவிட்டனர். ஏன்? சட்டத்தின் பிரிவொன்றைச் சுட்டினர். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. வழக்கு மன்றத்திலே இழுத்து நிறுத்திய பிறகு, 2018ல்தான் காரணம் வெளிவந்தது. வன்முறைக் கும்பலொன்றைச் சேர்ந்தவர் என்று நம்பினார்களாம். உடம்பிலே குத்தியிருந்த பச்சையும் அந்த நம்பிக்கைக்கு ஓர் ஆதாரமாம்! இல்லவே இல்லை என்றார் கணவர். அந்தப் பச்சைக்கும் கும்பலுக்கும் தொடர்பில்லை என்று அத்துறை அறிந்த ஒருவர் எழுதியும் கொடுத்தார்.

2024 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றனர், மூவர் மறுத்தனர். மணந்துகொள்ளும் உரிமை உனக்குண்டு. மணந்தவரை இந்நாட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் அடிப்படை உரிமை உனக்கில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இதுதான்.

மாலையிடலாம், மனை அமைக்க முடியாது! அப்படியானால் மனைவிக்கு மிஞ்சுவது என்ன? பயணம். போய்ப் பார்த்துவிட்டு வருதல்.

இத்தகைய மனைவியர் விடுப்பைச் சேர்த்து, காசைச் சேர்த்து, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். இறங்கும் இடத்தில் அன்புக்குப் பஞ்சமில்லை. மாமியார் சோள மாவைத் தட்டி, உள்ளே பயறும் பாலாடைக் கட்டியும் வைத்து, ‘புபூசா’ சுட்டுப் போடுவார். நல்ல படுக்கை மருமகளுக்கு. நல்ல நாற்காலி பேரக் குழந்தைக்கு. அந்த உபசாரத்தில்தான் இருக்கிறது வேதனை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் நம் ஊரிலே. விருந்தாளியை யாரும் பாத்திரம் துலக்கச் சொல்வதில்லை. விருந்தாளியிடம் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுவதில்லை. விருந்தாளியோடு யாரும் சண்டையிடுவதுமில்லை.

இல்லறம் என்பது என்ன? இன்பம் மட்டுமா? நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் இருவரில் யார் எழுவது என்பதும் இல்லறம். வாடகை கட்டினாயா என்று கடிந்துகொள்வதும் இல்லறம். காலையில் மூண்ட பூசல் மாலைக்குள் தணிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு பூசலிடும் உரிமையும் இல்லறம்! பத்து நாள் பயணத்தில் பூசலிட நேரம் ஏது? ஆறு மாதம் அடக்கிவைத்த மனக்குறையை அவிழ்த்தால், ஆற்றுவதற்குள் விமானத்தின் வேளை வந்துவிடும். ஆகவே சிரிக்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மென்று விழுங்கிச் சிரிக்கிறார்கள். கணவன் தன் மனைவிக்கே விருந்தளிப்பவனாகவும், மனைவி தன் கணவன் வீட்டிலேயே நாளெண்ணும் விருந்தாளியாகவும் ஆகிவிடுகிறார்கள். போய்ப் பார்க்கலாமே என்று கேட்பவர், பார்ப்பதும் வாழ்வதும் ஒன்றென்று எண்ணுகிறார் போலும்.

இதன் மறுபக்கம் இதனினும் கொடிது. அமெரிக்காவில் 1996ல் ஒரு சட்டம் செய்தார்கள். அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல் தங்கியவர் வெளியேறினால் மூன்றாண்டுக்கும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் வெளியேறினால் பத்தாண்டுக்கும் திரும்ப நுழையக்கூடாது. வெளியே அடி வைத்தால்தான் தடை வந்து விழும் என்பதைக் கவனியுங்கள், தோழர்களே! ஆகவே கணவன் அசையாமல் இருக்கிறான். மெக்சிகோவிலே அவனைப் பெற்றவள் முதுமையில் தளர்கிறாள். அவன் போனால் மனைவி மக்களைப் பிரிய வேண்டும். போகாவிட்டால் தாயின் முகம் காண முடியாது. யார் போவது? குடியுரிமை பெற்ற மனைவி போகிறாள். தொலைபேசியில் மட்டுமே கேட்ட குரலுக்குரிய கையைத் தொடுகிறாள். தாய் மறைந்துவிட்டால், மகன் நிற்க வேண்டிய கல்லறையருகே மருமகள் நின்று மண்ணிடுகிறாள். இதற்கும் பெயர் ‘போய்ப் பார்த்துவிட்டு வருதல்’தான்.

விலக்குக் கேட்கலாமே என்பர். கேட்கலாம். பிரிவினால் குடியுரிமை பெற்ற மனைவிக்கோ பெற்றோருக்கோ ‘மிகக் கடுமையான இன்னல்’ நேருமென்று எண்பிக்க வேண்டும். பிரிவில் எல்லோருக்கும் வரும் வழக்கமான துயரம் மட்டும் போதாது. பிள்ளையின் துயரம் தனிக் கணக்கில் சேராது. அது தாயின் துயரத்தைப் பெருக்கிற்று என்று காட்டினால்தான் ஏடேறும். கண்ணீரை அளக்கும் படியை எந்தக் கடையில் வாங்கினார்களோ!

நாட்டுக்கு எல்லை வேண்டாமா, காவல் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். யார் வருகிறார் என்று பார்க்கும் பொறுப்பு எந்த அரசுக்கும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. கொலைஞனும் கொள்ளைக்காரனும் ஒருத்தியின் கணவன் என்பதாலேயே உள்ளே வரட்டும் என்று வாதாடவும் இல்லை. நாம் கேட்பது வேறு. தடுப்பதானால் காரணத்தைச் சொல். சொன்ன காரணத்துக்கு விடையிறுக்க இடங்கொடு. தூதரக அதிகாரி விசா மறுத்தால் வழக்கு மன்றம் பெரும்பாலும் தலையிடாது என்பது அங்கே நிலைத்துவிட்ட கோட்பாடு. ஏன் என்று கேளாதே, நான் சொன்னேன், அடங்கு! எந்தப் பீடத்திலிருந்து வந்தாலும் இந்தக் குரலை ஏற்காதே என்று இளைஞர்களுக்குச் சொல்லி வந்த நாம், மேசைக்குப் பின்னாலிருந்து வந்தால் மட்டும் ஏற்பதெப்படி?

வெளிநாட்டு மனைவியை, கணவனை அனுமதிப்பது அரசின் சலுகையாகவே இருந்திருக்கிறது என்பதற்கு வரலாற்றைச் சான்று காட்டிற்று தீர்ப்பு. நாமும் வரலாற்றைப் புரட்டுவோமே. வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண், தன் குடியுரிமையையே இழந்தாள்; 1907ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. ஆணுக்கு அந்தத் தண்டனை இல்லை! கலிபோர்னியாவில் வாக்காளராகப் பதிய முடியாத எதெல் மெக்கன்சி என்பவர் 1915ல் உச்சநீதிமன்றம் வரை சென்றும் தோற்றார். விளைவு தெரிந்தே விரும்பி மணந்தாய் அல்லவா என்றது அன்றைய தீர்ப்பு. பெண்கள் போராடி 1922ல் அந்தச் சட்டத்தைப் பெருமளவு தகர்த்தனர். 1925ல் இன்னொரு தீர்ப்பு: கணவன் அமெரிக்கக் குடிமகனே ஆனாலும் சீன மனைவி உள்ளே வரக்கூடாது. இத்தகைய வரலாற்றைச் சான்றுக்கு அழைத்தால், அது யாருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்?

விர்ஜீனியா மாநிலத்தில், வெள்ளையரான ரிச்சர்ட் லவ்விங்கும் கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெட்டும் 1958ல் மணந்த குற்றத்துக்காக, 1959ல் மன்றம் ஒரு நிபந்தனை விதித்தது. மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும். 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து திரும்பக்கூடாது. தனித்தனியே வந்து பெற்றோரைப் பார்க்கலாமாம்! அங்கும் அதே பேச்சு, போய்ப் பார்க்கலாமே. அவர்கள் வேறிடத்தில் குடித்தனம் நடத்தத்தான் செய்தார்கள், மணம் முறியவில்லை. அதற்காக 1967ல் உச்சநீதிமன்றம் வாளாவிருந்ததா? ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அந்தச் சட்டத்தைக் குப்பையில் எறிந்தனர்.

முன்யோஸ் வழக்கில் மறுப்புரை எழுதிய நீதிபதி சோட்டோமேயர், இந்தத் தீர்ப்பின் பாரம் யார் தலையில் அதிகம் விழும் என்பதையும் சொன்னார். கணவனின் நாட்டிலோ மனைவியின் நாட்டிலோ குடியேற வசதியற்ற ஏழைகள். தங்கள் மணத்தையே ஏற்காத நாட்டுக்குப் போகச் சொல்லப்படும் ஒருபால் இணையர். வழக்கறிஞருக்காவது பயணச்சீட்டு வாங்கப் பணமிருக்கும். உணவு விடுதியில் தட்டுக் கழுவுபவளுக்கு? இரண்டு சீட்டுக்குப் பணம் சேர்க்க இரண்டாண்டு. போனால் வேலை காத்திருக்குமா என்ற அச்சம் வேறு. அவள் விருந்தாளியாகவும் போக முடியாதவள்.