பாதிரியார் லாரன்ஸ் செய்தது சரியா?



"சபைப் பத்திரிகையில் ஷேக்ஸ்பியரா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். இங்கிலாந்தில் நம் பிள்ளைகள் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியப் பரீட்சைக்கு ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம் படித்தாக வேண்டும். அநேக பள்ளிகளில் 'ரோமியோ ஜூலியட்' வைக்கிறார்கள். எங்கள் மகளுக்கும் அதுதான். டீச்சர் கொடுத்த கேள்வி இது: இத்தனை சாவுக்கும் யார் பொறுப்பு?

நான் யோசிக்கவே இல்லை. "இதிலென்ன சந்தேகம்? அப்பா அம்மா சொல் கேளாத பிள்ளைகள்தான்" என்றேன். நம்மில் அநேகர் அப்படித்தானே சொல்லுவோம்! 1562-ல் ஆர்தர் புரூக் என்பவர் இதே கதையைப் பாட்டாய் எழுதி, முன்னுரையில் பெற்றோரின் ஆலோசனையை அசட்டை பண்ணினவர்களின் முடிவைப் பாருங்கள் என்றுதான் புத்தி சொன்னார். 1590-களில் ஷேக்ஸ்பியர் அதை எடுத்து நாடகமாக்கினபோது இரண்டு காரியங்களை மாற்றிவிட்டார். புரூக்கின் ஜூலியட்டுக்கு வயது 16. இவருடைய ஜூலியட்டுக்கு 14 கூட நிரம்பவில்லை. அங்கே மாதக்கணக்கில் நடந்தது, இங்கே ஞாயிறு காலை தொடங்கி வியாழன் விடியலில் முடிந்துவிடுகிறது. பதிமூன்று வயசுப் பிள்ளை, ஐந்தே நாள். அப்படியானால் பெரியவங்க எல்லாரும் எங்கே போனாங்க?

மகளோடு உட்கார்ந்து நானும் வாசித்தேன். தகப்பன் ஞாயிற்றுக்கிழமை, "இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், என் மகளுடைய சம்மதமும் வேண்டும்" என்கிறார். செவ்வாய்க்கிழமை அதே மகள் மாட்டேன் என்றதும், தெருவில் கிடந்து சாகட்டும் என்று கத்துகிறார். பால் கொடுத்து வளர்த்த ஆயாவோ, இரகசியக் கலியாணத்துக்குத் தூது போனவளே, இப்போது மற்றவனைக் கட்டிக்கொள் என்கிறாள்.

ஆனால் என் மனதை உறுத்தினது பாதிரியார் லாரன்ஸ்தான். அவர் கெட்டவர் அல்ல, பிரியமானவர்களே. இந்தக் கலியாணத்தால் இரண்டு குடும்பத்தின் பகை தீரும் என்று நம்பித்தான் நடத்தி வைத்தார். நோக்கம் நல்லதுதான். ஒளித்துச் செய்ததில் என்ன ஆயிற்று பாருங்கள். திபால்ட் சண்டைக்கு இழுத்தபோது, அவன் இப்போது தன் மனைவிக்கு உறவாயிற்றே என்று ரோமியோ விலகுகிறான். ஏன் விலகுகிறான் என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சிநேகிதன் மெர்குஷியோ அதைக் கோழைத்தனம் என்று நினைத்துக் கத்தியை உருவுகிறான், குத்துப்பட்டு சாகிறான். சமாதானத்துக்கென்று செய்த இரகசியமே முதல் சாவுக்கு வழி திறந்துவிட்டது.

பிறகும் அவர் வெளியே சொல்லவில்லை. 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கும் மருந்தைக் கொடுத்தார். மாந்துவாவுக்குக் கடிதம் கொண்டுபோன துறவியைக் கொள்ளைநோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்து அடைத்துவிட்டார்கள். கடிதம் போய்ச் சேரவில்லை. இதைத்தான் எல்லாரும் விதி, விதி என்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு கடிதம் தவறினால் உயிரே போகும் என்கிற நிலைமைக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனது விதி அல்ல.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த வீட்டுக்குள் லாரன்ஸ் வந்து நிற்பதை நாடகத்தில் நாம் பார்ப்பது ஒரே தரம். எதற்கு? "செத்துப்போன" ஜூலியட்டின் பெற்றோருக்கு ஆறுதல் சொல்ல! உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே, பரலோகம் போய்விட்டாள், அழாதிருங்கள் என்று சொல்லுகிறார். வாசித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைசியில் கல்லறையில் ஆள் வரும் சத்தம் கேட்டதும், அவளைத் தனியே விட்டுவிட்டுப் பயந்து ஓடினார். பிற்பாடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பிரபுவும் அவரைப் பரிசுத்தவான் என்றே அறிந்திருக்கிறோம் என்று விட்டுவிட்டார்.

"அப்போ குற்றவாளி லாரன்ஸ்தான்னு எழுது" என்றேன்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் மறைச்சது தப்புதான்மா. ஆனா அந்த அப்பா கிட்ட யார் போய் உண்மையைச் சொல்ல முடியும்? சொல்லியிருந்தா அவளை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பார். உண்மையைக் கேட்கிற வீடா அது?"

"அவளைத் தனியா அனுப்பாம, கூடவே போய் நின்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். சொன்னவுடனே என் மனசாட்சி குத்திற்று. சில வருஷங்களுக்கு முன், ஞாயிறு வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, "யார்கிட்டேயும் சொல்லாதீங்க ஆன்ட்டி" என்று ஒரு காரியத்தைச் சொன்னாள். நான் சொல்லவும் இல்லை, அவளோடு போகவும் இல்லை. ஜெபிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொஞ்ச நாளில் அவள் வகுப்புக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

மகள் நோட்டை மூடிக்கொண்டே கேட்டாள்: "நான் ஒருநாள் அப்படி ஏதாவது வந்து சொன்னா, அப்பா என்னம்மா சொல்வாங்க?" நான் வாய் திறக்குமுன்னே மாடிக்குப் போய்விட்டாள்.

அன்று இராத்திரி இதை அவள் அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் இங்கே கொண்டா" என்றார்.