சம்பளச் சீட்டை அனுப்புப்பா

போன ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். ஆடி மாதத்து ஞாயிறு, கூட்டத்தைச் சொல்லவா வேண்டும்! வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருகிறவர்களில் பலரும் வீட்டில் யாருக்கோ உடம்பு தேற வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள். அப்படி நேர்த்திக்கடனை முடித்த ஓர் அம்மா ஈரத் தலையோடு வந்து நிழலில் உட்கார்ந்தார். மஞ்சள் பையில் குங்குமப் பொட்டலத்தைத் தேடினார். முதலில் கைக்கு வந்தது ஆஸ்பத்திரி ஃபைல்.

கணவர் கொத்தனார். பல வருஷமாகச் சர்க்கரை. இப்போது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் சென்னையில் டயாலிசிஸ். மெஷினில் இருப்பது நான்கு மணி நேரம்தான். செங்குன்றம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, பிறகு காத்திருப்பு என்று பொழுது சாய்ந்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் டயாலிசிஸுக்குப் பணம் கட்டுவதில்லை. ஆனால் ரத்தம் ஊற ஊசி, வெளியே எடுக்கச் சொல்லும் டெஸ்ட், திரும்பி வரும்போது அவரால் நிற்க முடியாமல் பிடிக்கிற ஆட்டோ, எல்லாம் கைக்காசு. அந்த இரண்டு நாளும் அம்மாவுக்கும் கூலி கிடையாது.

"பார்க்க வர்றவங்க ஆளுக்கு நாலு இளநீர் வாங்கியாறாங்க. வேணாம்னா கோச்சிக்கிறாங்க. யார் கிட்டன்னு சொல்றது?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். பாசத்தோடு வாங்கி வருவது அந்த மனிதருக்கு விஷம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"பையன் எங்கம்மா வேலை செய்றான்?"

"சிப்காட்லதாண்ணா. கான்ட்ராக்ட்டு."

"ஈ.எஸ்.ஐ. புடிக்கிறாங்களா?"

"ஏதோ புடிக்கிறாங்கன்னு சொல்லுவான். அது அவனுக்கு அடிபட்டாதானே?"

பெரியவர் அங்கேயே பையனுக்குப் போன் போடச் சொன்னார். "தம்பி, சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புப்பா" என்றார். வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினார். சம்பளத்தில் முக்கால் சதவீதம் பையன் கட்டுகிறான், மூன்றேகால் சதவீதம் முதலாளி கட்டுகிறார். அந்தக் காசு பையனுக்கு மட்டுமில்லை. மனைவி, பிள்ளைகள், அவனை நம்பியிருக்கும் தாய் தகப்பன் எல்லாருடைய வைத்தியத்துக்கும் சேர்ந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அதே உரிமைதான். குடும்ப விவரத்தில் அப்பா அம்மா பேரை யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

"நாளைக்கு ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் பையனை வரச்சொல்லும்மா. நானும் வரேன். எந்தக் கவுண்டர்னு எனக்குத் தெரியும்" என்றார் பெரியவர். அந்த அம்மா அதுவரை அழவில்லை. அதைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போகிற நாம் என்ன செய்கிறோம்? "அந்த ஊரில் ஒருத்தர் வேர் தருகிறார்" என்கிறோம். "அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது" என்கிறோம். காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். "என்றைக்கு டயாலிசிஸ்? இந்த வாரம் நான் கூடப் போகிறேன், நீ வேலைக்குப் போ" என்று ஒருவராவது சொல்கிறோமா? அம்மனிடம் வேண்டிக்கொள்ளட்டும், அது மனசுக்குத் தெம்பு. ஆனால் வரிசையில் நிற்க ஒரு மனிதர் வேண்டும்.

அரசாங்கமும் வாசல் வரை வராமலில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நர்ஸ் வருகிறார், பிசியோதெரபிஸ்ட் வருகிறார். அந்தக் கொத்தனாருக்குச் சர்க்கரை வந்த நாளிலேயே மாத்திரை ஒழுங்காகக் கிடைத்திருந்தால், அந்த மெஷினில் படுக்கும் நாளைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.

இப்போது கம்பெனி பஸ்ஸில் முதல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டே கேட்கிற தம்பிமார், தங்கைமார் இருப்பீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்கள் சீட்டிலும் அந்த ஈ.எஸ்.ஐ. வரி இருக்க வேண்டும். இருந்தால், குடும்ப விவரத்தில் யார் யார் பேர் ஏறியிருக்கிறது என்று இன்றைக்கே எச்.ஆரிடம் கேளுங்கள். வரியே இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.