திருப்பித் தர வேண்டிய ஒரு சொல்

போன மாதம் ஒரு ரிலீஸ் சொதப்பி, அலுவலகத்தைவிட்டு இறங்கும்போது இரவு இரண்டு மணி. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் நாயக்காக இருந்து 39 வயதில் ஓய்வு பெற்றவர். "பேசாம ரிசைன் பண்ணிடலாம்னு இருக்குண்ணே" என்றேன். சிரித்தார். "எங்களுக்கு அந்த வசதியே இல்ல சார். அப்பா செத்தப்ப நான் சியாச்சின்ல இருந்தேன். இறங்கி வீடு வந்து சேர ஒன்பது நாள் ஆச்சு."

இப்படிப்பட்டவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

வழக்கமான பதில், நன்றி. ஆகஸ்ட் 15 அன்று ஒரு வாட்ஸப் ஸ்டேட்டஸ். செத்தவருக்கு மரியாதை செய்வது நமக்கு நன்றாகவே வரும். கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை, நடுகல்லுக்கு ஆறு படிகளை வரிசைப்படுத்துகிறது தொல்காப்பியம். உயிரோடு திரும்பி வந்து, பயோடேட்டாவும் கையுமாக நிற்பவரை என்ன செய்வதென்றுதான் தெரிவதில்லை.

'உயிரைப் பணயம் வைத்தார்' என்ற காரணமும் எனக்குப் போதவில்லை. கடலுக்குப் போகும் மீனவரும்தான் வைக்கிறார். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க, அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அவர் சங்கம் வைக்க முடியாது. நோட்டீஸ் பீரியட் முடித்துக் கிளம்ப முடியாது. மலக்குழியில் இறங்குபவரின் 'முடியாது'வைச் சாதியும் பசியும் பறிக்கின்றன. அது ஒழிக்க வேண்டிய குற்றம். சிப்பாயின் 'முடியாது'வையோ நமக்காக, நாமே சட்டம் போட்டு வாங்கிக்கொள்கிறோம். வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாமா?

ராணுவத்துக்கு இளம் உடல் வேண்டும். அதனால் பெரும்பாலான ஜவான்கள் நாற்பதை ஒட்டியே வெளியே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது. அந்த வயதில் ஒருவருக்கு 'முடியாது' என்று சொல்லும் தெம்பைத் தருவது மாதாமாதம் வரும் பணம்தான். ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் சன்மானமல்ல, உரிமை என்று 1982இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணி. அதிகபட்சம் 25 சதவீதம் பேர் தொடரலாம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியேற வேண்டும்; ஓய்வூதியம் இல்லை. படை இளமையாக இருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். வேலைக்கேற்ற கூலி அது என்றுகூட வாதிடலாம். ஆனால் கூலி கொடுப்பது வேறு, கடனைத் தீர்ப்பது வேறு. இருபதுகளின் நடுவில் ஊர் திரும்பி, வீட்டுக்கடனையும் தங்கை கல்யாணத்தையும் முடித்த பிறகு, அந்தப் பையன் எதை நம்பி யாரிடம் 'முடியாது' என்பான்?

டீ தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன்: "பென்ஷன் வருதுல்ல, அப்புறம் ஏண்ணே நைட் டூட்டி?"

"பொண்ணு நர்சிங் படிக்குது சார், பத்தல." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா போன வாரம் சூப்பர்வைசர் சும்மா டபுள் டூட்டி பாக்கச் சொன்னான். முடியாதுன்னுட்டேன். போன்னா போறேன், பென்ஷன் இருக்குல்ல."